கவுன்சில் எல்லையும் பள்ளி இடமும்

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவின் நடுவே இரண்டு லண்டன் கவுன்சில்களின் எல்லை ஓடுகிறது. எதிர்ச்சாரியில் குப்பைத் தொட்டியின் நிறமே வேறு. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில். ஆனால் இந்தப் பக்கத்துத் தாய் ஒருவர் விசாரிக்கப் போனபோது, "நீங்கள் எங்கள் கவுன்சில் இல்லையே" என்று அலுவலகத்தில் சொல்லியனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பி, விண்ணப்பத்தில் அந்தப் பள்ளியின் பெயரையே எழுதவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளி, வேறு கவுன்சிலில் குடியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ள முடியாது. லண்டனின் கிரீனிச் கவுன்சில் மீதான வழக்கில் 1989ஆம் ஆண்டு வந்த நீதிமன்றத் தீர்ப்பு அதைத் தெளிவாக்கிவிட்டது. பள்ளிகள் சேர்க்கை வட்டாரம், அதாவது முன்னுரிமை பெறும் பகுதி, வகுக்கலாம். அதற்கு நியாயமான காரணம் வேண்டும். பக்கத்துக் கவுன்சில் பள்ளிக்கும் நம் சொந்தக் கவுன்சில் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

இடம் மறுத்தால் மேல்முறையீடு செய்ய குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும். பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு (Year 2) வரை, ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற வரம்பு இருப்பதால் வெல்வது கடினம்தான். ஆனால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைத் தவறாக அளந்ததால்தான் இடம் பறிபோனது என்று காட்டினால் மேல்முறையீட்டுக் குழு ஏற்றாக வேண்டும். ஆகவே அளந்த தூரத்தையும் அளந்த முறையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளியின் சேர்க்கை விதியே அநியாயம் என்றால், பள்ளிச் சேர்க்கை நடுவர் அலுவலகத்துக்கு மே 15க்குள் ஆட்சேபம் அனுப்பலாம். கட்டணம் கிடையாது.

ஒரு தமிழ்ப் பெற்றோர்,
வடமேற்கு லண்டன்