சொற்பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

தரம் 6 முதல் 9 வரையான மாணவரின் சொல்வளம் போதாமலிருப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியை வாசித்தேன். நீண்ட சொற்பட்டியலைக் கொடுத்து மனனம் செய்விப்பது தீர்வாகாது. ஒரு சொல் வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டால்தான் மாணவர் மனதில் நிலைக்கும். நான் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், ஆவியாதலையும் ஒடுங்குதலையும் (ஆவி மீண்டும் திரவமாதல்) நன்கு விளங்கிய பிள்ளைகள்கூட, 'வேறுபடுத்துக' என்ற சொல்லின் பொருள் பிடிபடாமல், அவ்வினாவுக்கு இரண்டையும் தனித்தனியே விவரித்துவிட்டுப் புள்ளியை இழந்தனர்.

சொல்வளத்தை வளர்க்கும் சுமையைத் தமிழாசிரியர் தலையில் மட்டும் கட்டுவது (வழக்கமாக நடப்பது அதுதான்) நியாயமன்று. எல்லாப் பாட ஆசிரியர்களும் கூடி வாரத்துக்கு ஐந்தாறு சொற்களைத் தெரிவுசெய்து, அவ்வாரம் முழுவதும் தத்தம் வகுப்பில் பேச்சிலும் எழுத்திலும் பயன்படுத்தச் செய்ய, வலயக் கல்வி அலுவலகம் ஒழுங்கு செய்யலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.