சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எங்கள் நன்றி

சேலம், ஏற்காடு மக்களுக்கு வணக்கம்.

நாங்கள் மூன்று பேர், ஊர் ஊராகப் போய் ஸ்டாண்டப் காமெடி செய்கிறவர்கள். போன வாரம் வெள்ளி இரவு மதுரை, சனி சேலம், ஞாயிறு ஏற்காடு. மேடையில் நிற்பது ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பேருந்திலும் லாட்ஜிலும் போகும். அந்த மீதி நேரத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

கரூர், நாமக்கல் வழியாக வந்து புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விடியற்காலை 4 மணி. லாட்ஜில் அறை தர 12 மணி ஆகும் என்றார்கள். டீக்கடை அண்ணன் எங்கள் பைகளைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "பெஞ்சுல படுங்க தம்பி, கூட்டம் வந்தா எழுப்பறேன்" என்றார். எட்டு மணி வரை அவர் எழுப்பவே இல்லை. அந்தத் தூக்கம் இல்லையென்றால் அன்று மாலை என் தொண்டையிலிருந்து சத்தம் வந்திருக்காது.

11 மணிக்கு ஹாலில் இருந்து போன். வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். 80 டிக்கெட் விற்றிருந்தோம். எல்லோருக்கும் செய்தி அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடலாம் என்று உட்கார்ந்தபோது, டிக்கெட் வாங்கியிருந்த ஒருவரே கூப்பிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் அவர்களுக்கு வெள்ளிப் பட்டறை. "மேல் மாடி சும்மாதானுங்க இருக்கு, வந்து பாருங்க" என்றார். கொலுசு வேலை செய்யும் அக்காக்கள் எங்களுக்கு முன்பே போய்ப் பெருக்கி, ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார்கள்.

மைக் செட் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் கோயில் திருவிழாவுக்குச் செட் போடுகிறவர். திருவிழா மைக்கில் எக்கோ இருந்தால்தான் அழகு. எங்களுக்கு அது ஆகாது. ஒரு ஜோக்கின் கடைசிச் சொல் சுத்தமாக விழ வேண்டும். அது இரண்டு முறை கேட்டால் சிரிப்பு வர வேண்டிய அரை நொடி போய்விடும். நான் ஒரு முறைதான் சொன்னேன். எக்கோவை முழுக்க எடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, "ஏதாச்சும் பேசுங்க" என்று நான்கு முறை கேட்டுப் பார்த்தார். அப்புறம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்த நாற்காலிகளை அவரே நெருக்கிப் போட்டார். பக்கத்தில் இருப்பவர் தோள் குலுங்கினால்தான் சிரிப்பு அடுத்தவருக்குத் தொற்றும். எனக்கு இது புரியப் பல மாதம் ஆயிற்று, அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

உதவிக்கு வந்த கல்லூரித் தங்கைக்கும் நன்றி. என் தொடக்கம் மாம்பழத்தைப் பற்றியது. "வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்கண்ணா" என்று சொல்லி, ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போய்த் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, கீழே சிந்தாமல் ஒரே வாயில் போட வேண்டும். நான் திணறியதை அப்படியே அன்று மாலை சொன்னேன். முதல் சிரிப்பே அங்கேதான் வந்தது. பின்வரிசையில் இருந்த பட்டறை அக்காக்கள்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள்.

ஏற்காடு போகும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதிலேயே எங்கள் நண்பனுக்குக் குமட்டல். நடத்துநர் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்து, முன் இருக்கைக்கு மாற்றி உட்கார வைத்தார். அவருக்கும், இடம் மாறிக்கொண்ட பெரியவருக்கும் நன்றி.

மேலே தங்கும் விடுதி முற்றத்தில் நிகழ்ச்சி. பாதியில் மூடுபனி இறங்கி முன்வரிசைகூட மங்கிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. முகம் தெரியாத இடத்திலிருந்து வந்த சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு பேசினேன். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் கை கூப்புகிறேன். நடுங்கிக்கொண்டிருந்த என் தோளில் கம்பளியைப் போர்த்திவிட்டு, சூடாகக் காப்பி கொடுத்த விடுதி அக்காவுக்கும்.

அக்கா, கிளம்பும் அவசரத்தில் அந்தக் கம்பளி என் பையோடு கோயம்புத்தூர் வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மூவருக்காகவும் ஒருவன்