லியூ பாட்டியை விட்டுவிடாதே

அன்பு மகள் மலர்விழிக்கு,

அம்மா எழுதுவது. பருவக் கட்டுரைக்குச் 'செம்மாடக் கனவு' என்ற பழைய சீன நாவலின் பாவ்யூ, தாய்யூ, பாவ்சாய் மூவரின் காதலையே எடுத்துக்கொள்ளப் போவதாகவும், கதைமாந்தர் கூட்டத்தில் யார் யாரென்றே பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஹாக்ஸும் மின்ஃபோர்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஐந்து தொகுதிகளையும் நானும் படித்து முடித்துவிட்டேன். காதலைப் பற்றி உன் வகுப்பில் பாதிப் பேராவது எழுதுவார்கள். நீ லியூ பாட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கூட்டத்தைக் கண்டு நீ மலைப்பதில் வியப்பில்லை. ஆறாம் அத்தியாயத்தில் கதை சொல்பவரே, முந்நூறு பேருக்கு மேல் வாழும், கதை நடக்கும் இந்தச் செல்வர் மாளிகையை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று திகைத்து, அதனோடு ஏதோ தூரத்து உறவு கொண்ட ஓர் ஏழைக் குடியானவக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார். குளிர்காலத்தைத் தாண்ட வழியில்லாமல் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அந்தக் குடும்பத்துக் கிழவிதான் லியூ பாட்டி. அவளுக்கு, பணிப்பெண்களின் துணிமணிக்கென ஒதுக்கியிருந்த இருபது லியாங் (பழைய சீன எடை அளவு) வெள்ளியை, மாளிகையை நிர்வகிக்கும் மருமகள் ஷீஃபெங் எடுத்துக் கொடுக்கிறாள். அந்தத் தொகையை மறந்துவிடாதே. முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பாட்டி மறுபடி வரும்போது, மாளிகையார் உண்டு முடித்த நண்டு விருந்துக்கு விரல்விட்டுக் கணக்குப் போட்டு, இருபது லியாங்குக்கு மேல் ஆகியிருக்கும், எங்களைப் போன்றவர்கள் ஒரு வருஷம் சாப்பிடலாமே என்று புத்தரின் பெயரைச் சொல்லி வாய்விட்டுச் சொல்கிறாள். இடையில் முப்பதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியிருக்க, ஆசிரியர் ஒரு விளக்கமும் தராமல் இரண்டு தொகைகளையும் நம் முன் வைத்துவிட்டுப் போகிறார்.

நாற்பதாம் அத்தியாயத்தை மட்டும் அவசரப்படாமல் படி. சாப்பிட உட்காரும் முன் பாட்டி எழுந்து நின்று, தான் மாடு போலத் தின்பவள் என்று பாட்டாகச் சொல்ல, கூடம் முழுவதும் சிரிக்கிறது. ஒருத்தி வாயிலிருந்த தேநீரைப் பீறிடுகிறாள், தாய்யூ மூச்சுத் திணறி மேசையில் சாய்கிறாள், பாவ்யூ தன் சொந்தப் பாட்டியும் வீட்டின் மூத்தவளுமான பாட்டியம்மாளின் மடியில் விழுகிறான். இதை ஏற்பாடு செய்த ஷீஃபெங்கும், பாட்டியம்மாளின் பணிப்பெண் யுவான்யாங்கும் மட்டும் சிரிக்கவில்லை. பின்பு யுவான்யாங் மன்னிப்புக் கேட்கும்போது, பாட்டியம்மாளை மகிழ்விக்கத்தானே, எனக்கு முதலிலேயே தெரியும் என்கிறாள் லியூ பாட்டி. அவளைக் கோமாளி என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எழுதியவரின் வாழ்க்கையையும் ஒரு பத்தியில் தொட்டுக்கொள். சாவ் ஷுவேச்சினின் முன்னோர் நாஞ்சிங்கில் அரசவைப் பட்டு நெசவைக் கண்காணித்தவர்கள். காங்ஷி பேரரசரே தென்னாட்டுப் பயணங்களில் அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். அடுத்து வந்த யோங்செங் பேரரசர் காலத்தில் சொத்துகள் பறிமுதலாகி, சாவ் பீக்கிங்கில் வறுமையில் வாழ்ந்து எழுதினார். பாட்டி போடும் நண்டுக் கணக்கை இரு பக்கமும் நின்று அறிந்தவர் அவர்.

ஓர் இடத்தில் எச்சரிக்கையாக இரு. ஷீஃபெங்கின் மகளைப் பாட்டி கிராமத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் பகுதி, 1791இல் அச்சான 120 அத்தியாயப் பதிப்பின் கடைசி நாற்பதில் வருவது. அந்த நாற்பதும் சாவ் எழுதியவைதானா என்பது இன்றும் வாதத்தில் உள்ளது. ஆகவே அதை முதற்சான்றாக வைக்காமல், ஐந்தாம் அத்தியாயத்தில் பாவ்யூ கனவில் காணும், பெண்களின் விதியைச் சொல்லும் பதிவேட்டிலிருந்து தொடங்கு. பாழடைந்த சிற்றூரில் ஓர் அழகி நூல் நூற்கும் படமும், லியூ குடும்பத்துக்கு எப்போதோ செய்த உதவியால் காப்பவர் கிடைப்பார் என்னும் செய்யுளும் அங்கேயே உள்ளன. ஷீஃபெங்கின் அந்தக் குழந்தைக்குப் பெயர் சூட்டியவளும் அந்தப் பாட்டிதான், நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தில்.

முதல் வரைவை எனக்கு அனுப்பு. உன் பேராசிரியர் இந்தத் தலைப்புக்கு என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா