ஷோகேஸுக்குள் மூச்சு முட்டும் ஆம்ப்ளிஃபயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் புதுவீட்டு ஹால் படங்கள் போட்டிருந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டாவது படத்தில் டிவிக்குக் கீழே இருந்த ஷோகேஸைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்திருக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர், அதன் முதுகில் செட்டாப் பாக்ஸ், அதற்கு மேல் வைஃபை ரூட்டர், முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் பிளைவுட் அடைப்பு. ரூட்டருக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. எத்தனை பேர் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு கார்பெண்டரிடம் "இதே மாதிரி செஞ்சு குடுங்க" என்று காட்டப் போகிறார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். திருச்சியில் 27 வருடமாக ஆடியோ செட் ரிப்பேர் பார்த்து வருகிறேன். அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி வைத்த செட்டெல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகின்றன.

கத்திரி வெயில் நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். "சார், செட் நல்லா பாடிக்கிட்டே இருக்கு, ஒரு மணி நேரம் ஆனா தானா ஆஃப் ஆயிடுது." போன மே மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு இதற்காகவே போனேன். மகன் வாங்கிக் கொடுத்த ரிசீவர், நல்ல செட். தினமும் சாயங்காலம் பாட்டுப் போட்டால் எட்டு மணிக்கெல்லாம் 'புரொடெக்ட்' என்று காட்டிவிட்டு நின்றுவிடுமாம். கரண்டுதான் சரியில்லை என்று யாரோ சொல்ல, ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கி அதையும் அதே தட்டில் செட்டுக்குப் பக்கத்திலேயே சொருகி வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஓர் அனல். செட்டின் மேல் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன், மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். தூசி படியக் கூடாதென்று அந்த அம்மா கையால் பின்னிய வெள்ளைக் குரோஷா விரிப்பு ஒன்று காற்றுத் துளைகளை மூடிக்கொண்டு கிடந்தது. எடுத்து விரித்துப் பார்த்தால் துளைகளின் வரிசை அப்படியே பழுப்புக் கோடுகளாக அதில் பதிந்திருக்கிறது. அவர்களுக்கு மனசே ஆறவில்லை. அக்கறையாகப் போர்த்தியதுதானே, யாரைக் குறை சொல்வது?

அந்த செட்டில் எந்தப் பழுதும் இல்லை. உள்ளே சூடு எல்லை மீறியதும் தானாக நின்று கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். விரிப்பை எடுத்து, செட்டாப் பாக்ஸையும் ஸ்டெபிலைசரையும் வேறு தட்டுக்கு மாற்றி, பின் பலகையைக் கழற்றிவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் புகார் வரவே இல்லை.

பாட்டு மெதுவாகத்தானே ஓடுகிறது, எப்படி இவ்வளவு சூடு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் எடுக்கிற கரண்டு முழுவதும் சத்தமாக மாறுவதில்லை. வீட்டு ரிசீவர்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபி வகை ஆம்ப்பில், சத்தம் குறைவாக இருக்கும்போது உள்ளே போகிற கரண்டில் பாதிக்கும் மேல் சூடாகத்தான் வெளியே வருகிறது. பாட்டே போடாமல் ஆன் செய்து சும்மா விட்டாலும் ஏழு சேனல் ரிசீவர் (ஏழு ஸ்பீக்கர் ஓட்டுவது) ஒன்று 40, 50 வாட் இழுத்துக்கொண்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கும், எரியும்போது தொட முடியுமா? ஏறக்குறைய அப்படி ஒரு பல்பை ஒரு பெட்டிக்குள் ஏற்றி வைத்து, பெட்டியின் மேல் துணி போர்த்தி, கதவையும் சாத்திவிட்டு மணிக்கணக்கில் விடுகிறோம். இப்போது வருகிற டி வகை ஆம்ப்களில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போய்விடும், அதனால் சவுண்ட் பார் போன்றவை அவ்வளவு சுடாது, உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் அதை நம்பி மூடி வைக்காதீர்கள்.

இதில் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செட்டோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், பல கம்பெனிகள் சுற்றிலும் 35 டிகிரி வரை இருக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். திருச்சியில் மே மாதம் வெளியே 40ஐத் தாண்டுகிறது, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற ஹாலில் ராத்திரி ஒன்பது மணிக்கும் 35க்குக் குறையாது. அதாவது கதவைச் சாத்துவதற்கு முன்பே கம்பெனி சொன்ன எல்லையில் நிற்கிறோம்.

தானாக நின்று போகிற செட்டாவது பரவாயில்லை. நம்மிடம் இருப்பதில் நிறைய அசெம்பிள்டு செட்கள். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, உள்ளூரில் பெட்டி போட்டு, 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்று செய்து தருகிறார்கள். குறை சொல்ல மாட்டேன், நானே நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்திருக்கிறேன், கொடுத்த காசுக்கு அருமையாகப் பாடும். ஆனால் பலவற்றில் சூடானால் நிறுத்துகிற ஏற்பாடு கிடையாது. ஹீட் சிங்க், அதாவது உள்ளே சூட்டை வாங்கி வெளியே விடுகிற உலோகத் தகடு, சுடும், இன்னும் சுடும், கடைசியில் ஒருநாள் ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, ஸ்பீக்கரையும் சேர்த்து எரித்துவிட்டுத்தான் அடங்கும்.

அப்படி வருஷக்கணக்கில் வெந்த செட்டின் மூடியைக் கழற்றும்போது முதலில் மூக்குக்குத்தான் தெரியும், கருகிய வார்னிஷ் வாசனை. ரெசிஸ்டர்களைச் சுற்றி போர்டு தேநீர்க் கறை மாதிரி கறுத்திருக்கும். கரண்டைத் தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், அது உப்பிப் போயிருக்கும். அவற்றை அசையாமல் பிடிக்க ஊற்றிய வெளிர் மஞ்சள் பசை சூட்டில் கரும்பழுப்பாகி, தன்மை மாறி, கரண்டைக் கடத்த ஆரம்பித்திருக்கும். பக்கத்துக் கம்பிக்கால்களைக்கூட அரித்துவிடும். கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது: 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்குகிற ஒன்று 65 டிகிரியில் ஏறக்குறைய 32,000 மணி நேரம் வரும், 75 டிகிரியில் 16,000தான். தினம் ஐந்து மணி நேரம் போடுகிற வீட்டில் முதலாவது 17 வருடம், இரண்டாவது ஒன்பது வருடம்கூட இல்லை. இடைவெளி விடாத குற்றத்துக்கு எட்டு வருடம் போகிறது.

சரி, எவ்வளவு இடம் விட வேண்டும்? கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் போட்டிருப்பதுதான் முதல் கணக்கு. கையேடு இல்லையென்றால் நான் சொல்வது: ஆம்ப்ளிஃபயருக்கு மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர், ஒரு சாண் என்றால் இன்னும் நல்லது. இரு பக்கமும் பின்னாலும் நாலு நாலு விரற்கடையாவது, அதாவது மூன்று அங்குலம், வேண்டும். அடியிலும் காற்று போக வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. ஹீட் சிங்குக்கு நேர் கீழே அடித் தகட்டில் துளைகள் இருக்கும், குளிர்ந்த காற்று அங்கிருந்து ஏறித்தான் மேலே வெளியேறும். கார்பெட் மேலோ மெத்தை மேலோ வைத்தால் அது அடைபட்டுப் போகும். ரப்பர் கால் தேய்ந்து போயிருந்தால் நாலு மூலையிலும் ஒரே உயரத்தில் மரக்கட்டை வைத்து ஓர் அங்குலம் தூக்குங்கள், அதற்கே நல்ல வித்தியாசம் தெரியும்.

அடுக்குவதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. கனமானதை அடியில் வைக்க வேண்டும் என்று ஆம்ப்பைக் கீழே போட்டு அதன்மேல் டிவிடி, செட்டாப் பாக்ஸ், அதற்கும் மேலே டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டுகிற கருவி) என்று கோபுரம் கட்டுகிறார்கள். கனம் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி, டிரான்ஸ்பார்மரோடு 12, 15 கிலோ இருக்கும் ஆம்ப்பை மெல்லிய டிவிடி பிளேயர் மேல் ஏற்றினால் அதன் மூடி அமுங்கி டிஸ்க் உரசும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றவே வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு கொடுங்கள், தட்டு உறுதியாக இருந்தால் ஆம்ப் மேல் தட்டில், அதன்மேல் வெறும் காற்று மட்டும். தட்டு தாங்காது, குழந்தைகள் இழுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் கீழ்த்தட்டில் வையுங்கள், ஆனால் அதற்கு மேலே ஒரு முழ உயரம் காலியாக விடுங்கள். செட்டாப் பாக்ஸை ஆம்ப் மேல் வைப்பதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். டிவியை அணைத்தாலும் பல வீடுகளில் அது 24 மணி நேரமும் ஓடுகிறது, தன் சூடே அதற்குப் போதும். டர்ன்டேபிளுக்கு ஆம்ப்பின் தலை இன்னும் மோசமான இடம், டிரான்ஸ்பார்மரின் ஹம் என்கிற ரீங்காரம் ஊசி வழியாக ஸ்பீக்கரில் கேட்கும், எல்பி இசைத்தட்டும் சூட்டில் வளையும்.

ஷோகேஸ் செய்கிற கார்பெண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயர் போவதற்கென்று பின் பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போடுகிறீர்கள், அது ஒயருக்கே போதாது. ஆம்ப் வைக்கிற அறைக்குப் பின் பலகையே வேண்டாம். நம் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே, கூரைக்குக் கீழே, வெண்டிலேட்டர் என்று ஒரு சின்னத் திறப்பு விட்டிருப்பார்களே, அது எதற்காக? கீழே ஜன்னல் வழியாகக் காற்று வரும், மேலே அனல் போகும். அந்த அறிவையே இந்தப் பெட்டிக்குள்ளும் கொண்டுவந்தால் போதும், கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி, இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காற்று ஓடாது. கதவு கட்டாயம் வேண்டுமென்றால் கண்ணாடிக்குப் பதில் பிரம்புப் பின்னல் போடுங்கள், அது கண்ணுக்கும் அழகு.

ஏற்கெனவே செய்துவிட்ட ஷோகேஸை உடைக்க முடியாதவர்களுக்குச் சின்ன வழி இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போடுகிற 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஷோகேஸ் அறையின் பின்பக்க மேல் மூலையில், காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி பொருத்துங்கள். அதை 7 வோல்ட் அளவில் ஓட்டினால் சத்தமே கேட்காது. கீழே காற்று நுழைய ஒரு திறப்பு மட்டும் மறக்க வேண்டாம். சென்ற மாதம் ஒரு வீட்டில் வைத்துக் கொடுத்தேன், அறைக்குள் ஒயர் முனை உள்ள சின்னத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தோம், ஃபேன் வைப்பதற்கு முன்னால் 58 டிகிரி, ஃபேன் ஓடி ஒரு மணி நேரம் கழித்து 41.

பல்லி, கரப்பான் உள்ளே போகிறது என்று சிலர் துளைகளைக் கொசுவலையால் ஒட்டி அடைக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான், டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைகளுக்கு நடுவே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த பல்லியை நானே சுரண்டி எடுத்திருக்கிறேன். ஆனால் கொசுவலையில் இரண்டே மாதத்தில் தூசி படிந்து அட்டை மாதிரி ஆகிவிடும். பெரிய கண்ணுள்ள கம்பிவலையை செட்டின் மேல் ஒட்டாமல், ஷோகேஸ் திறப்பில் அடியுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் துளைகளைத் தட்டிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஷோகேஸ் படம் போடும்போது, அந்த செட்டுக்கு மேலே, பக்கத்தில், பின்னால் எத்தனை அங்குலம் விட்டிருக்கிறார்கள் என்று வடிவமைத்தவரிடம் கேட்டு, படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். விடவே இல்லை என்று அவர் சொன்னால், அந்தப் படத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆடியோ சர்வீஸ் மெக்கானிக் ஒருவர்,
திருச்சி.