திருமண மண்டபங்களில் வீட்டார் கைவேலைக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் கொங்குப் பகுதித் திருமண மண்டபங்கள் சிலவற்றில், மண்டபத்தார் அமர்த்தியிருக்கும் அலங்காரக்காரரைத் தவிர வேறு யாரும் ஒரு தோரணம்கூடக் கட்டக் கூடாது என்று நிபந்தனை விதிக்கிறார்கள். அண்மையில் என் அண்ணன் மகள் திருமணத்தில் எங்களுக்கும் இதுவே நேர்ந்தது. பலமுறை கேட்டுக்கொண்ட பிறகு முன்வாசலை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். முழு வாடகை கொடுத்து எடுக்கும் மண்டபத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் கையால் செய்ததை வைக்க இடமில்லை என்பது எவ்வகையில் நியாயம்?

அந்த வாசலுக்காக, உலர்ந்த பனையோலையை ஊறவைத்துப் பதமாக்கி, அதில் இரு வீட்டுத் தாத்தா பாட்டிகளின் பெயர்களையும் அவர்களுடைய ஊர்ப் பெயர்களையும் எங்கள் அத்தை எழுதினார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கழித்துப் போடும் வண்ணத் துணித் துண்டுகளைக் கொடிகளாகத் தைத்துச் சரமாகக் கோத்தோம். வந்த பெரியவர்கள் பலர் வாசலிலேயே நின்று, தமக்கு வேண்டியவர்களின் பெயரைத் தேடிப் படித்தார்கள். தெர்மாகோலில் வெட்டி ஒட்டும் எழுத்துக்கு இந்த மதிப்பு ஒருநாளும் வராது. தெர்மாகோல் தட்டு உள்ளிட்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கும்போது, மேடை அலங்காரம் என்ற பெயரில் அதே தெர்மாகோல் மண்டபத்தின் பின்புறம் மலையாகக் குவிவது வருத்தம் தருகிறது.

குருத்தோலைத் தோரணத்துக்குத்தான் பழகிய கை வேண்டும். இளமஞ்சள் ஓலையில் ஈர்க்கை நீக்கி, நுனி கிழியாமல் மடித்துக் கிளியும் பூவுமாகப் பின்ன வேண்டும். மங்கல வீட்டுக்குரிய மடிப்பும் துக்க வீட்டுக்குரிய மடிப்பும் வேறு வேறு என்பதால், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம். (தென்னைக்கு உயிரே அந்த ஒற்றைக் குருத்தில்தான் என்பதால், எப்படியும் வெட்டப்போகும் மரத்திலிருந்து ஓலை எடுப்பதே நல்லது.) ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் குருத்தோலை வெகுநேரம் தாங்காது, ஓரம் பழுப்பேறிவிடும், ஆகவே பின்னுவதும் கட்டுவதும் முகூர்த்தத்துக்கு முந்தைய நாளிலேயே முடிய வேண்டும். மண்டபத்தையோ அன்று மாலையில்தான் திறந்துவிடுகிறார்கள்; அதற்குள் உறவினர்கள் வந்து, சீர் வேலைகளும் தொடங்கிவிடுகின்றன.

எனவே, முன்வாசலையும் மேடையின் முன்பகுதியையும் வீட்டார் விரும்பினால் அவர்களுக்கே விட்டுக்கொடுக்கவும், முந்தைய நாள் நண்பகலிலேயே அந்த இடங்களைத் திறந்துவிடவும் மண்டப உரிமையாளர்கள் முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சுவர் பாழாகும் என்ற அச்சம் அவர்களுக்கு வேண்டியதில்லை. ஓலையும் துணியும் கயிற்றில் கட்டப்படுபவை. ஆணியோ பசையோ இல்லாமல், தூணுக்குத் தூண் கயிறு இழுத்துக் கட்டி, பந்தி முடிந்ததும் நாங்களே அவிழ்த்து எடுத்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.