கடைசிப் பாட்டு முடியட்டும்: ஓடிடி தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் திரையில் எது எப்போது தோன்ற வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம். 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்க மர்மத் தொடரின் ஓர் எபிசோடைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். உங்கள் பட்டியலில் அது இரண்டாம் சீசனின் ஏழாவது. ரசிகர்கள் பைலட்டை, அதாவது தொடரின் முதல் அறிமுக எபிசோடை, கணக்கில் சேர்க்காமல் எண்ணுவதால் எங்களுக்கு அது 14ஆம் எபிசோடு. மார்க் ஃப்ராஸ்ட் எழுதி, டேவிட் லிஞ்ச் இயக்கி, 1990 நவம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஒளிபரப்பானது. கதையின் தொடக்கத்தில் பிணமாகக் கிடைக்கும் பள்ளி மாணவி லாரா பாமரைக் கொன்றது யார் என்று நமக்குத் தெரியவருவது இதில்தான். இதன் கடைசிப் பகுதிக்கு இணையாகத் தொலைக்காட்சியில் நான் எதையும் பார்த்ததில்லை. அது முடிந்த அடுத்த நொடி என் திரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொலையாளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. 35 வருடம் ஆகியிருந்தாலும், இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்க உட்காருகிறவர் ஒருவர் எங்காவது இருப்பார்.

அந்த முடிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். எஃப்பிஐ ஏஜென்ட் கூப்பர் ஒருவரைக் கைது செய்துவிட்டார். ஊருக்குள் வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கையில் எப்போதும் மரக்கட்டையைச் சுமந்து திரியும் 'லாக் லேடி' வந்து, ஊரின் இசை மேடையுள்ள பாரான ரோட்ஹவுஸில் ஆந்தைகள் இருப்பதாகச் சொல்கிறார். கூப்பரும் ஷெரிஃப் ட்ரூமனும் அவரோடு போய் உட்காருகிறார்கள். மேடையில் சிவப்புத் திரைக்கு முன்னால் ஜூலி க்ரூஸ் பாடுகிறார். திடீரென்று அவர் இருந்த இடத்தில் ராட்சத உயரத்தில் ஒரு மனிதர் நிற்கிறார், 'மறுபடியும் நடக்கிறது' என்கிறார். அது கூப்பருக்கு மட்டும்தான் தெரிகிறது. எங்கே, யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. நமக்குக் காட்டுகிறார்கள். வேறொரு வீடு. ரெக்கார்டு பாடி முடிந்துவிட்டது, ஊசியை எடுக்க ஆளில்லை. அது கடைசிப் பள்ளத்தில் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் இன்னொரு கொலை நடக்கிறது.

பிறகு மறுபடி ரோட்ஹவுஸ். ராட்சதர் மறைந்து ஜூலி க்ரூஸ் திரும்ப வருகிறார், விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். வயதான சர்வர் ஒருவர் கூப்பரிடம் வந்து, தோளில் கை வைத்து, 'ரொம்ப வருந்துகிறேன்' என்கிறார். லாராவின் தோழி டோனா காரணமே தெரியாமல் அழுகிறாள். பாரில் உட்கார்ந்திருக்கும் லாராவின் காதலன் பாபிக்கும் ஏதோ தட்டுப்படுகிறது. கூப்பரின் முகம். அதன் மேல் சிவப்புத் திரை மெல்லப் படர்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு கொலையைக் காட்டிவிட்டு, அதற்கான துக்கத்தைச் செய்தியே போய்ச் சேராத ஆட்களிடம் காட்டுகிறார் லிஞ்ச். எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

அந்தச் சிவப்புத் திரை முழுதாகத் தெரிவதற்குள் படம் ஒரு மூலைக்குச் சுருங்கியது. அடுத்த எபிசோடு ஐந்து நொடியில் என்று எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. பாயசத்தில் கை வைத்திருக்கும்போதே பந்தியில் இலையை எடுத்த மாதிரி.

1990-ல் பார்த்தவர்களுக்கு இதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தது. அடுத்த எபிசோடு நவம்பர் 17-ல்தான் வந்தது. அந்த ஒரு வாரத்தை நான் உங்களிடம் கேட்கவில்லை, அடுத்தடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்க்கட்டும். எபிசோடுக்கு உரிய நேரத்தைத்தான் கேட்கிறேன். எழுத்து ஓடும் நேரமும் எபிசோடுதான். இந்தத் தொடரில் பெரும்பாலான எபிசோடுகள் லாராவின் அந்தப் பள்ளிக்கூடப் புகைப்படத்தின் மேல் பெயர்கள் ஓடித்தான் முடியும், பின்னால் ஆஞ்சலோ படலமென்ட்டியின் இசை. யார் செத்தாள் என்பதைக் கதை எவ்வளவு வளைந்து நெளிந்து போனாலும் மறக்கக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் அந்த முகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டால் என்ன மிச்சம்?

2017-ல் ஷோடைம் என்ற கேபிள் சேனலில் இந்தத் தொடரின் தொடர்ச்சியாக வந்த 18 பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். அதில் பல பகுதிகள் ரோட்ஹவுஸ் மேடையில் ஒரு இசைக்குழு பாடுவதோடு முடியும், பெயர்கள் அந்தப் பாட்டின் மேலேயே ஓடும். அதாவது நீங்கள் சுருக்குவது காட்சியை. 17ஆம் பகுதியின் முடிவில் மேடைக்கு வருவது ஜூலி க்ரூஸ். பாடுவது 1990-ல் அந்தக் கொலை இரவில் பாடிய அதே பாட்டு. நடுவில் 27 வருடம். அடுத்த பகுதி அன்று இரவே தொடர்ந்து ஒளிபரப்பானது, ஆனாலும் முதலில் அவரைப் பாட விட்டார்கள். ஜூலி க்ரூஸ் 2022 ஜூனில் போய்விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் படலமென்ட்டி. 2025 ஜனவரியில் லிஞ்ச். ஜூலி க்ரூஸ் பாட வாயெடுக்கும்போது அடுத்த பகுதிக்கு இழுத்துக்கொண்டு போகும் அந்த வசதி யாருக்கு வசதி என்று எனக்குப் புரியவில்லை.

ஆரம்பத்திலும் இதே பிரச்சினை. கிளையில் ஒரு குருவி, மரமில்லின் புகைபோக்கிகள், ரம்பப் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டும் இயந்திரம், தெறிக்கும் பொறி, ஊர்ப் பெயர்ப் பலகை, அருவி. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோக்குவால்மி பக்கம் எடுத்த காட்சிகள். இவ்வளவு மெதுவான டைட்டிலை அன்றைய பிரைம் டைமில் போடுவது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஒன்றரை நிமிடத்தில் நம் மூச்சு அந்த ஊரின் வேகத்துக்கு இறங்கிவிடும். அதைத் தாண்டச் சொல்லி ஒரு பொத்தான் குருவியின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. வேண்டுமென்றால் தாண்டட்டும், சரி. வேண்டாம் என்பவருக்கு அது கண்ணில் படாமல் இருக்க ஒரு வழி வைக்கலாமே.

அப்புறம் எபிசோடு பட்டியலில் நீங்கள் போடும் சின்னப் படங்கள். கொலையாளி யார் என்ற ரகசியத்தைக் காக்க, அந்தக் காட்சியை வெவ்வேறு நடிகர்களை வைத்தும் எடுத்ததாகப் படக்குழுவினரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். விடையைச் சொல்லவே லிஞ்சுக்கு மனமில்லை, சேனலின் நெருக்கடியால்தான் சொன்னார். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததை, முதல் சீசன்கூட முடிக்காத என் தோழி பட்டியலை நகர்த்தியபோது ஒரு படத்தில் பார்த்துவிட்டாள். போனில் அவள் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு முறைதான் கிடைக்கும் அனுபவம் அது.

இன்னொன்று, இது புகார் இல்லை, ஆசை. 1993-ல் பிராவோ என்ற கேபிள் சேனல் தொடரை மறுஒளிபரப்பு செய்தபோது, ஒவ்வொரு எபிசோடுக்கும் லாக் லேடி பேசும் ஒரு சின்ன முன்னுரையை லிஞ்சே எழுதி எடுத்துக் கொடுத்தார். கேத்தரின் கோல்சன் மரக்கட்டையோடு உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுவார். லிஞ்சின் முதல் படத்தில் கோல்சன் உதவியாளராக வேலை பார்த்த காலத்திலேயே இருவருக்கும் நடுவில் பிறந்த பாத்திரம் அது. 2015-ல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புகூட 2017-ல் வந்த தொடர்ச்சிக்கான தன் காட்சிகளை நடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த முன்னுரைகள் டிஸ்க்கில் இருக்கின்றன, நான் பார்க்கும் தளத்தில் இல்லை. மறுபடி பார்க்கிறவர்களுக்கென்றே எடுத்தவை. கூடுதல் காணொளியாகவாவது சேர்த்துவிடுங்கள்.

தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்த அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு வழி இருக்கிறது, தெரியும். அதை அணைத்த பிறகும் படம் சுருங்குகிறது என்பதுதான் என் குறை. முழுத்திரையில் கடைசி எழுத்து வரைக்கும் ஓட விடும் ஒரு தேர்வைக் கொடுங்கள். ஒரு தடவை போட்டால் டிவி, போன், டேப்லெட் எல்லாவற்றிலும் அது நிற்கட்டும். எபிசோடு படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தொடரைப் பார்த்த ஒருவரிடம் கொடுங்கள். செய்தால் முதலில் 17ஆம் பகுதியில் சோதித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஒரு ரசிகை