கிணற்றுத் தண்ணீரை ஆராய வருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீர் ஆய்வாளர்களுக்கு,

வவுனியா வடக்கில் சிறு குளமொன்றின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள் சார்பில் எழுதுகிறோம். வன்னியின் நிலத்தடி நீரில் உள்ள புளோரைட்டும் கடினத்தன்மையும் ஆராயப்பட வேண்டியவை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. சிறுநீரக நோய் பற்றிய அச்சம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. எங்கள் குறை ஆய்வு நடக்கும் முறை பற்றியது.

முன்னர் வந்த குழுவொன்று, மாரி முடிந்து கிணறுகள் நிரம்பியிருந்த தை மாதத்தில், போத்தல்களில் நீர் எடுத்து இலக்கம் ஒட்டிக் கொண்டு சென்றது. "இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்று கேட்ட தாய்க்கு, அறிக்கை வரும் என்றார்கள். அறிக்கை எங்கேனும் வந்திருக்கலாம். அவருடைய வீட்டுக்கு வரவில்லை. ஆவணியில் வந்திருந்தால் அதே கிணறு அடிக்கல் தெரிய வற்றியிருப்பதையும், குசினியில் கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருப்பதையும் கண்டிருப்பார்கள். குளத்தில் நீர் நிற்கும் வரைதான் அணைக்கட்டின் கீழ்ப்புறக் கிணறுகள் நன்றாக ஊறும். துருசு (குளத்து மதகு) எப்போது திறக்கப்பட்டது, சிறுபோகம் (கோடைக்கால நெற்செய்கை) எத்தனை ஏக்கரில் செய்யப்பட்டது என்று கேளாமல் எடுத்த மாதிரி, அந்த ஒரு நாளின் நீரையே காட்டும்.

புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரநிர்ணயத்தில் அது 1.0. இரண்டுக்கும் இடைப்பட்ட கிணற்று நீரை, வெயிலில் நாள் முழுதும் வயலில் நின்று குடிப்பவர் என்ன செய்வது என்பதே எங்கள் முதற் கேள்வி. அது முன்னர் வந்த குழுவின் வினாக்கொத்தில் இருக்கவில்லை.

கனடாவின் முதற்குடிகள் தம்மைப் பற்றிய ஆய்வுத் தரவுகளின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தமக்கே உரியவை என்ற கோட்பாட்டை 1998இல் வகுத்தார்கள். அவர்களுடைய வரலாறு வேறு, எங்களுடையது வேறு. அவர்களது பெயரை நாங்கள் இரவல் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு இங்கும் பொருந்தும்: மாதிரி எடுக்கும் மாதங்களை எங்களோடு பேசித் தீர்மானியுங்கள், ஒவ்வொரு கிணற்றின் பெறுபேற்றையும் முதலில் அந்த வீட்டாருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் சம்மதமின்றிக் கிணற்றின் அமைவிடத்தை வெளியிடாதீர்கள்.

காலபோகக் (மாரிக்கால நெற்செய்கைக்கான) கூட்டத்துக்கு முன்னர் ஆய்வுத் திட்ட வரைவை அனுப்பினால், அங்கே அதை வாசித்து எங்கள் திருத்தங்களை எழுத்தில் தருவோம்.

இங்ஙனம்,
செயலாளர், கமக்காரர் அமைப்பு